ஏழாம் நம்பர் லயம்

ஜனவரி 8, திங்கள்

தண்ணீர் மோட்டார் மறுபடியும் ஓடவில்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் சொன்னால், "எப்பவும் மொதல் கம்ப்ளெயின்ட் உங்களோடதுதான் சார்" என்கிறார். கட்டடத்தில் முதலில் குளிப்பவன் நான். முதலில் தெரிவது எனக்குத்தான். இதில் என்ன குற்றம்?

ஆழ்வார்பேட்டைக் கலைக்கூடத்திலிருந்து ஷெரின் என்ற பெண் பேசினாள். இருபதாம் தேதி ஒரு கண்காட்சி. அமெரிக்கா, இங்கிலாந்து, ஜமைக்கா என்று ஆறு கறுப்பினக் கலைஞர்கள். ஆறு பேரும் நிலத்தை வரைகிறவர்கள். சுவரில் ஒட்டும் ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தர வேண்டும். கலை வரலாறும் தெரிந்து தமிழும் தெரிந்த ஆள் கிடைக்கவில்லையாம். கிடைக்காது. இருந்த ஒருவனைக் கல்லூரியில் இருபத்தாறு வருடம் ஓரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஒப்புக்கொண்ட பிறகுதான் சொன்னாள், ஆலோசகர் நந்தகோபன் என்று.

எனக்கு நான்கு வருடம் ஜூனியர். எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். 2003இல் என் நீலகிரி ஓவியங்களைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினான்: "பல் மருத்துவர்களின் வரவேற்பறைக்கு ஏற்ற பசுமை." அந்தக் கட்டுரையை நான் எடுத்து வைத்திருக்கவில்லை. எடுத்து வைக்கத் தேவையில்லை.

மாலையில் செவனம்மா அக்காவின் போன் இரண்டு முறை. எடுக்கவில்லை. வேலை இருந்தது.

ஜனவரி 9, செவ்வாய்

கண்காட்சிக்கு நந்தகோபன் வைத்திருக்கும் தமிழ்த் தலைப்பு: "கறுப்பும் பசுமையும் – இயற்கைக் காட்சி ஓவியங்கள்." கட்சிக் கொடி மாதிரி இருக்கிறது.

இயற்கைக் காட்சி என்றால் நம் பிள்ளைகள் வரைவது எனக்குத் தெரியும். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு ஆறு, ஒரு தென்னை, ஆங்கில எம் எழுத்தைப் போல நான்கு காக்கை. ஆயிரக்கணக்கில் மதிப்பெண் போட்டிருக்கிறேன். இந்த ஆறு பேர் வரைந்திருப்பது அது இல்லை. யாரோ வெட்டி, யாரோ நட்டு, யாரோ அறுத்த நிலம். பருத்திக்காட்டில் இயற்கை எங்கே இருக்கிறது? தேயிலையையே எடுத்துக்கொண்டால், அது மரம். விட்டால் முப்பது அடி போகும். இடுப்பளவில் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி கிடக்கிறது என்றால், வாராவாரம் ஆயிரம் கைகள் அதன் தலையைக் கிள்ளுகின்றன என்று பொருள்.

"நிலக்காட்சி" என்று மாற்றி அனுப்பினேன். காரணத்தையும் எழுதினேன். தேயிலை உதாரணத்தை எடுத்துவிட்டேன். தேவையில்லை.

ஜனவரி 10, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. அக்காவின் போன். பொங்கலுக்கு வருவாயா என்றாள். இல்லை என்றேன்.

ஜனவரி 11, வியாழன்

கலைக்கூடம் போனேன். ஓவியங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நல்ல வேலைகள் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒருவர் கடலை வரைந்திருக்கிறார், தொடுவானமே இல்லாமல். மேலிருந்து கீழ்வரை தண்ணீர், அதில் கப்பலுக்கு இடமில்லை. இங்கிலாந்துக்காரர் ஒருவர், புல்வெளியில் மழைக்கோட்டோடு தானே நிற்கும் புகைப்படங்கள் எடுத்திருக்கிறார். அந்தப் புல்வெளியில் அவர் நிற்பதைப் பார்த்து இதுவரை எத்தனை பேர் போலீசுக்குச் சொன்னார்கள் என்பதுதான் அவருடைய படங்களின் தலைப்பு. ஒரு பெண், இடிந்த வீடுகளின் காலிமனையில் முளைத்த களைகளை அரைத்து அந்தச் சாயத்தாலேயே அந்த மனைகளை வரைந்திருக்கிறாள்.

ஆறு பேரில் நேரில் வந்திருப்பவர் ஒருவர்தான். ஒடெஸா ப்ரூவர், தென் கரோலினா. அறுபத்தேழு வயதாம். விமானத்தில் கால் வீங்கிப் போய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி, மோர் குடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது டம்ளர் என்றாள் ஷெரின்.

அவருடைய ஓவியம் சுவரில் பாதி. நெல் வயல். ஆமாம், நெல். அந்த ஊர்ச் சேற்றில் அடிமைகள் வரப்பு கட்டி விளைவித்த நெல். முக்கால் பங்கு பச்சை, அதற்குள் ஏகப்பட்ட பச்சைகள். தஞ்சாவூர் என்றால் நம்புவார்கள். மேல் ஓரத்தில், வானத்துக்குக் கீழே, ஒட்டி ஒட்டிப் பத்துக் கதவுகள் கொண்ட தாழ்ந்த வீடுகள் ஒரே வரிசையாக. அவசரமாகப் பார்த்தால் அது வேலி என்று தோன்றும். ஒரு கதவுக்கு மேலே மட்டும் கொஞ்சம் புகை.

அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மூக்குக்கண்ணாடி சரியில்லை.

தலைப்பு, "தி குவார்ட்டர்ஸ்." ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்தே கேட்டார், "குவார்ட்டர்ஸா? ஃபுல்லு இல்லயா சார்?" ஷெரின் சிரித்தாள். ஒடெஸா என்ன என்று கேட்க, ஷெரின் விளக்க, அவரும் சிரித்தார். "இதற்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு அது தேவைப்படும்" என்றார்.

பிறகு என்னிடம், "உன் ஊர் எது, ராஜ்?"

"நீலகிரி. தேயிலை நாடு."

"தேயிலையில் எந்தப் பக்கம்?"

"மேற்குச் சரிவு" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மோர் கேட்டார். சிலருக்கு இப்படி முறைத்துப் பார்ப்பது ஒரு வழக்கம்.

ஜனவரி 13, சனி

மற்ற தலைப்புகள் முடிந்துவிட்டன. "குவார்ட்டர்ஸ்" மட்டும் நிற்கிறது.

"குடியிருப்பு" என்றால் வாரியக் காலனி. நந்தகோபன் "அடிமைக் குடில்கள்" என்று ஒரு யோசனை அனுப்பியிருக்கிறான். குடில் என்றால் கிறிஸ்துமஸுக்கு வைப்பது, அல்லது முனிவர் இருப்பது. "சேரி" வேறு. "வரிசை வீடுகள்" என்று எழுதிப் பார்த்தேன். வங்கிக் கடன் விளம்பரம்.

தமிழில் இதற்குச் சொல் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரை, கூலிகளுக்காகக் கட்டிய வரிசை வீட்டை "லைன்" என்றான். தோட்டத்து வாய் அதை லயமாக்கியது. ஒரே கூரை, ஒரே நீளம், குடும்பத்துக்கு ஓர் அறை. அந்த அறைக்குக் காம்பரா என்று பெயர், அது போர்த்துக்கீசியம். இலங்கை மலைநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் அந்தச் சொல்லையும் கப்பலில் கொண்டுவந்து நீலகிரியில் இறக்கினார்கள். இதெல்லாம் அகராதியில் கிடைக்கக்கூடிய செய்திதான்.

"லயம்" என்று எழுதினேன். அடித்தேன். காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடியும் எழுதி, படித்துப் பார்க்காமல் அனுப்பினேன்.

ஜனவரி 15, பொங்கல்

குக்கரில் பொங்கல். உப்பு அதிகம். மகள் ஓசூரிலிருந்து வாழ்த்து அனுப்பியிருந்தாள், அவளுடைய அம்மாவும் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பியிருந்தாள்.

அக்கா பேசினாள்.

"பொங்க வச்சியா தம்பி?"

"வச்சேன்."

"பால் பொங்குச்சா?"

"குக்கர்ல எங்கக்கா பொங்கும். விசில் வந்துச்சு."

சிரித்தாள். பிறகு சொன்னாள். அவள் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது, வீட்டை விடு என்று தோட்டத்துக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்களாம். மாதக் கடைசிக்குள். "திருப்பூர்ல எம் மவன் வீட்ல அவன் மாமியாரு, மச்சினி, நாலு பேரு ஒரே ரூம்ல. நான் எங்க போயி நீட்டி மடக்குறது? ஒங்கிட்ட ரெண்டு ரூம் இருக்குல்ல ராசு. ஒன்னுல படம்தானே அடுக்கி வச்சிருக்க?"

இருபதாம் தேதிவரை தலைக்கு மேல் வேலை, அதற்கப்புறம் யோசிப்போம் என்றேன்.

"யோசி. ஆனா சீக்கிரம் யோசி. நீ சின்ன வயசுலருந்தே யோசிக்கிறேன்னுட்டு தூங்கிருவ."

இதில் கவனிக்க வேண்டிய சிக்கல்கள் இருக்கின்றன. இந்தக் கட்டடத்தில், கல்லூரியில், எல்லாருக்கும் என்னைப் பற்றி ஓர் எண்ணம் உண்டு. நான் பொய் எதுவும் சொன்னதில்லை. பதினெட்டு வயதில் விடுதியில், ஊர் எது என்று கேட்டார்கள். "எஸ்டேட்டிலிருந்து வருகிறேன்" என்றேன். "ஓ, எஸ்டேட்காரரா?" என்றார்கள். மீதியை அவர்களே கட்டிக்கொண்டார்கள். பங்களா, குதிரை எல்லாம். நான் ஒரு செங்கல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

ஜனவரி 17, புதன்

கலைக்கூடத்தில் கூட்டம். நந்தகோபன் புதிதாக வெள்ளிக் காப்பு ஒன்று போட்டிருக்கிறான்.

"சார், லயம்! என்ன சார் இது, பின்னிட்டீங்க!"

இவனுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன்.

"குவார்ட்டர்ஸ்னா மியூசிக்ல கால் நோட்டு, இல்ல? அத லயம்னு புடிச்சீங்க பாருங்க. பருத்திக் காட்டுப் பாட்டு, சர்ச்சு, ஜாஸ், அவங்க ரத்தத்துலயே லயம் இருக்கு. அந்தக் கதவெல்லாம் வரிசையா, தகதிமி தகதிமின்னு! நான் இத வச்சே ஸ்பீச்ச ஆரம்பிக்கப் போறேன்."

ஷெரின், "சார், அதானே நீங்க நினைச்சது?" என்று என்னைப் பார்த்தாள்.

அவனைத் திருத்த எனக்கு ஒரு நிமிடம் போதும். எல்லார் முன்னாலும் முகம் கறுக்கும்படி திருத்தலாம். இருபது வருடமாக அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் காத்திருக்கிறேன். திருத்தினால் அடுத்த கேள்வி, "உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

அகராதி என்று சொல்லியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை.

"பொருத்தமா இருக்கும்னு பட்டது" என்றேன்.

ஜனவரி 18, வியாழன்

இரண்டாவது அறையைத் திறந்து பார்த்தேன். அறுபது ஓவியங்களுக்கு மேல் இருக்கும். இவற்றை எங்கே வைப்பது? மூடிவிட்டேன்.

ஜனவரி 20, சனி

காலை ஏழேகாலுக்கு மணி அடித்தது. அக்கா. ஒரு சூட்கேஸ், ஒரு அரிசிச் சாக்கு, குடை. நீலகிரி எக்ஸ்பிரசில் முன்பதிவில்லாப் பெட்டியில் வந்திருக்கிறாள்.

"இருபதாந்தேதிக்கு அப்பறம்னியே."

"அப்பறம்னுதானே சொன்னேன். இன்னைக்கே இருபதுக்கா."

"பொறப்படும்போது பத்தொம்போது. விடிஞ்சா நல்ல நாளுன்னு வந்தேன். ஏன், திரும்பிப் போயிரவா?"

அதற்குள் எதிர்வீட்டுக்காரர் பேப்பர் எடுக்க வெளியே வந்தார். "வேலைக்கு ஆள் கிடைச்சாச்சா சார்? எங்க வீட்டுக்கும் கேளுங்க" என்றார். அக்கா அவரைப் பார்த்து நல்லபடியாகக் கும்பிட்டாள். நான் சாக்கை உள்ளே இழுத்தேன். கனமாக இருந்தது. அதனால் பதில் சொல்ல முடியவில்லை.

மாலையில் திறப்புவிழா. தானும் வருகிறேன் என்றாள். உட்கார இடமிருக்காது, எல்லாம் இங்கிலீஷ், உனக்குக் கால் வலிக்கும் என்றேன். "சரி, நான் தூங்குறேன்" என்றாள். வெளியே பூட்டிக்கொண்டு போனேன். புது இடம், பாதுகாப்புக்காகத்தான்.

நந்தகோபன் லயத்தில் ஆரம்பித்து லயத்தில் முடித்தான். ஒரு இடத்தில் மேசையைத் தட்டித் தாளம்கூடப் போட்டான். கைதட்டல். முதல் வரிசையில் இரண்டு சபாக்காரர்கள் தலையை ஆட்டினார்கள்.

ஒடெஸா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "என் ஓவியத்தைக் காட்டிக் காட்டிப் பேசுகிறான். என்ன சொல்கிறான்?"

"அதில் நல்ல தாளம் இருக்கிறது என்கிறான்."

"தாளமா? அந்த வீட்டு வரிசையில் தாளம் வந்துவிடக் கூடாதென்று மூன்று தடவை சுரண்டி எடுத்தேன். யாரோ அளவு போட்டு அடித்த வரிசை அது. உன் மொழியில் என்ன பெயர் வைத்தாய்?"

சொன்னேன்.

"அதற்குத் தாளம் என்றா பொருள்?"

"ஒரு பொருள் அது."

"இன்னொன்று?"

அந்த நேரம் மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். நல்லவேளை. நல்லவேளை என்று ஏன் எழுதினேன் தெரியவில்லை.

வீடு திரும்பியபோது அக்கா விழித்திருந்தாள். "பூட்டிட்டுப் போயிட்டியே தம்பி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தொந்தரவாக இருக்கிறது.

ஜனவரி 21, ஞாயிறு

எழுந்து பார்த்தால் இரண்டாவது அறை திறந்திருக்கிறது. அக்கா ஓவியங்களை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கோத்தகிரிச் சரிவுகள். பனி, பச்சை, சில்வர் ஓக் மரங்கள், வளைந்து போகும் மண்பாதை.

"இது பதினோராம் நம்பர் மலை. இது ஃபேக்டரிக்குப் போற ரோடு. நல்லாத்தான் போட்டிருக்க." அடுத்ததைத் திருப்பினாள். அதற்கடுத்ததையும். "ஏன் தம்பி, எல்லாப் படத்துலயும் ஞாயித்துக்கெழமையா?"

"என்ன?"

"ஒரு ஆளக் காணோமே. வேல நாள்ல ஒன்னுகூட நீ போடலயா?"

நான் பல் விளக்கப் போனேன். நெடுநேரம் விளக்கினேன். இவள் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. நந்தகோபன் அரைப்பக்கம் எழுதியதை நான் இருபது வருடம் சுமந்தேன். இதை எங்கே வைப்பது?

வெளியே வந்து, "சேலையை மாத்து, போலாம்" என்றேன்.

"எங்க?"

"நேத்து கூட்டிட்டுப் போகலேல்ல, அங்க."

பஸ்ஸில் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பெயர்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். யாராவது தெரிந்தவர்கள் ஏறுகிறார்களா என்று நான் பார்க்கவில்லை. இரண்டு முறைதான் பார்த்தேன்.

கலைக்கூடம் காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நந்தகோபன் தன் மாணவர்கள் பதினைந்து பேரைக் கூட்டிவந்திருந்தான். ஒடெஸா நடுவில் நாற்காலியில், காலுக்கு இன்னொரு நாற்காலி, கையில் மோர். திரும்பிப் போய்விடலாம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அக்கா நேராக அந்தப் பெரிய ஓவியத்துக்குப் போய்விட்டாள். மாணவர்கள் விலகி வழிவிட்டார்கள். கீழே ஒட்டியிருந்த அட்டையைக் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"லயம்." நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஒடெஸாவைப் பார்த்து, அவருக்குத் தமிழ் தெரியாது என்பதே தோன்றாமல், "இது எத்தனாம் நம்பர் லயம்?" என்றாள்.

ஒரு பையன் களுக்கென்று சிரித்தான்.

நந்தகோபன் நாகரிகமானவன், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அருகில் வந்து பொறுமையாக, "அம்மா, லயம்னா நம்பர் இல்லம்மா. பாட்டுல வரும்ல, தாளம், அந்த லயம்" என்றான்.

"தாளமா?" அக்கா வீட்டு வரிசையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "பத்துக் கதவு இருக்கு, ஒரே கூரை. ஒரு வீட்ல மட்டும் பொகை வருது. மத்தவங்கெல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க, அங்க யாரோ புள்ள பெத்திருக்கா, இல்லாட்டி காய்ச்சக்காரி. இதுல தாளம் எங்க சார் இருக்கு?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "ராசு, இவரு என்னா சொல்றாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"சார், இவங்க..." என்றான் நந்தகோபன். எதிர்வீட்டுக்காரர் நேற்றுக் காலையில் கேட்ட அதே குரல் இல்லை. ஆனால் அதே இடத்தில் நிறுத்தினான், நான் நிரப்பிக்கொள்வதற்கு வசதியாக.

"எங்க அக்கா" என்றேன். மறுபடியும் சொன்னேன். "எங்க அக்கா செவனம்மா. முப்பத்தாறு வருஷம் கொழுந்து எடுத்தவ. அவ எடுத்ததுலதான் நான் படிச்சேன். அவ சொல்றதுதான் சரி. நான் எழுதினது அந்த லயம்தான். தோட்டத்துல நாங்க இருந்தது ஏழாம் நம்பர் லயம், நாலாவது காம்பரா."

"ஆனா உங்களுக்கு எஸ்டேட் இருந்ததுன்னு..."

"எஸ்டேட்டுதான் சார்" என்றாள் அக்கா உற்சாகமாக. "எஸ்டேட்டுலதான் இருந்தோம்."

யாரும் சிரிக்கவில்லை. நந்தகோபன் காப்பைத் திருகிக்கொண்டே நின்றான். முகம் கறுத்துத்தான் போனது. இத்தனை வருடம் காத்திருந்த காட்சி அது, ஆனால் சரியாகப் பார்க்க முடியவில்லை. என் கண்ணாடியை முதலில் மாற்ற வேண்டும்.

ஒடெஸா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். லைன், லயம், ஏழு, நாலு. சொல்லி முடித்ததும், "அப்படியானால் மேற்குச் சரிவு?" என்றார்.

"லயம் மேற்குச் சரிவில்தான் இருந்தது" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மோர் சேலையில் சிந்தியது. நம்மூர்ச் சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"உன் அக்காவிடம் சொல், அந்தப் புகை யாருடையதும் இல்லை. அந்த இடத்தில் மேல்நோக்கி ஒரு கோடு தேவைப்பட்டது, போட்டேன்."

சொன்னேன். அக்கா நம்பவில்லை. "பொய் சொல்றா. அடுப்பில்லாம பொகை எப்படி வரும்? யாருன்னு கேளு."

கேட்டேன். ஒடெஸா ஓவியத்தைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அக்கா இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

ஜனவரி 22, திங்கள்

ஷெரின் பேசினாள். இரண்டு பொருளும் வருகிற மாதிரி ஒரு வரி சேர்க்கலாமா என்று நந்தகோபன் கேட்கிறானாம். வேண்டாம் என்றேன். அட்டையில் தலைப்புக்குக் கீழே "தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு" என்று மட்டும் சேர்க்கச் சொன்னேன். கல்லூரியில் இந்நேரம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். நாளை போக வேண்டும். போக விருப்பமில்லை. போவேன்.

ஓவியங்களில் பாதியை என் அறைக்கு மாற்றியாயிற்று. நடக்க வழியில்லை. கட்டில் வேண்டாம், தரைதான் பழக்கம் என்கிறாள்.

மோட்டார் மறுபடியும் ஓடவில்லை. நான் குளிக்கப் போவதற்குள் அக்கா கீழே போய்ச் செயலாளரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எந்த வீட்டம்மா என்று அவர் கேட்டிருக்கிறார். "மூணாவது மாடி லயம், ரெண்டாவது காம்பரா" என்றிருக்கிறாள்.

சற்று முன் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார். "சார், உங்க வீட்டுல ஒரு அம்மா வந்திருக்காங்களே, காம்பரான்னு என்னமோ சொன்னாங்க. அப்படின்னா என்ன சார்?"

சொன்னேன்.